பிறந்த வீட்டில் ஒண்டுக்குடி

(மராட்டியத் திரைப்பட வரலாறு பற்றி மன்றக் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மும்பை யாருடைய தலைநகர் என்று கேட்டால், மராட்டியருடையது என்று பள்ளிப் பிள்ளையும் விடை கூறும். மும்பைத் திரைப்படம் எம்மொழிப் படம் என்று கேட்டால், அதே பிள்ளை, இந்திப் படம் என்று சொல்லும். இவ்விரு விடைகளுக்கும் இடையே உள்ள பிளவில்தான் மராட்டியத் திரைப்படத்தின் வரலாறு முழுவதும் அடங்கிக் கிடக்கின்றது. இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படத்தை ஆக்கியவர் மராட்டியர். ஆக்கிய இடம் மராட்டிய மண். அங்ஙனமிருந்தும், அம்மண்ணின் மொழி தான் பிறந்த வீட்டிலேயே ஒரு மூலையில் ஒண்டுக்குடி இருக்க நேர்ந்தது. எப்படி நேர்ந்தது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

திரைக்கு முன்னே மேடை இருந்தது. 1843இல் சாங்கிலி என்னும் சிற்றரசின் அரண்மனையில் விட்டுணுதாசு பாவே என்பவர் சீதையின் திருமணக் கதையை நாடகமாக நடத்தினார். கன்னட நாட்டிலிருந்து வந்த கூத்தரின் ஆட்டத்தைக் கண்டு, அதுபோல மராட்டியிலும் ஒன்று வேண்டும் என்று சாங்கிலி அரசர் விரும்பியதே அதற்குத் தூண்டுகோல். மராட்டிய நாடகத்தின் தொடக்கம் இதுவே என்பது அவர்கள் வழக்கு. ஆயினும் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் சாகசி, 1700ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே, காவிரிக் கரையில் இருந்துகொண்டு மராட்டியில் நாடகங்கள் இயற்றியிருக்கிறார். தாய்நாட்டில் முளைப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே அம்மொழியின் நாடகம் தமிழ் மண்ணில் முளைத்தது என்பது பலரும் அறியாத செய்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் மராட்டிய இசைநாடகம் ஊர்தோறும் பரவிவிட்டது. பால கந்தர்வர் பெண்வேடம் பூண்டு பாடுவதைக் கேட்க மக்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தனர். எனவே, திரைப்படம் வந்தபோது கதையும் பாட்டும் நடிப்பும் அங்கே அணியமாய் இருந்தன.

1912 மே 18ஆம் நாள், தாதாசாகேபு தோர்ணே என்பவர் எடுத்த 'புண்டலிக்' என்னும் படம் மும்பையில் திரையிடப்பட்டது. அது மேடை நாடகத்தைப் படப்பொறி கொண்டு பதிந்தது. படம் பிடித்தவரும் வெள்ளையர். ஆதலின், முதல் இந்தியப் படம் என்னும் பெருமையை அதற்கு வழங்கப் பலர் ஒருப்படுவதில்லை. அப்பெருமை தாதாசாகேபு பால்கேவுக்கு உரியதாயிற்று.

பால்கே நாசிக்கை அடுத்த திரியம்பகத்தில் 1870இல் பிறந்தவர். ஓவியம் கற்றார், ஒளிப்படம் கற்றார், அச்சுத் தொழிலும் நடத்தினார். மும்பைக் கொட்டகையொன்றில் ஏசுவின் வாழ்க்கைப் படத்தைக் கண்ட அன்று, நம் கதைகளை இப்படிக் காட்ட முடியாதா என்னும் எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. ஆயுள் காப்பீட்டை ஈடுவைத்துப் பணம் திரட்டி, 1912இல் இலண்டன் சென்று படப்பொறி வாங்கி வந்தார். பணமுடையோரை நம்ப வைப்பதற்காக, பட்டாணி விதை முளைத்துச் செடியாவதை நாள்தோறும் சிறிது சிறிதாகப் படம் பிடித்து, ஒருங்கே ஓட்டிக் காட்டினார். அவர் மனைவி சரசுவதிபாய் செய்த பணி தனியே சொல்லத் தக்கது. படச்சுருளின் ஓரத்தில் துளையிடுவது, இருட்டறையில் படத்தைக் கழுவுவது, வேலை செய்த அத்தனை பேருக்கும் சோறாக்கிப் போடுவது ஆகிய எல்லாம் அவ்வம்மையார் கையால் நடந்தன. இந்தியத் திரைப்படத்தின் தந்தை என்று ஒருவரைப் போற்றுவோர், தாய் ஒருத்தி இருந்ததை மறந்தே போயினர்.

'இராசா அரிச்சந்திரா' 1913 மே 3ஆம் நாள் மும்பையில் வெளிவந்தது. பெண்கள் நடிக்க முன்வராமையால், உணவுவிடுதியில் சமையல் செய்துகொண்டிருந்த சாளுங்கே என்னும் இளைஞர் தாராமதியாக நடித்தார். அதே ஆண்டில் வந்த அடுத்த படத்தில் துர்க்காபாய் காமத்தும் அவர் மகள் கமலாபாயும் நடித்துப் பெண்களுக்கு வழி திறந்தனர்.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். அது ஊமைப்படம். படத்துக்கு வாயில்லை, ஆதலால் மொழியும் இல்லை. காட்சிகளுக்கு இடையே வரும் எழுத்துத் தகட்டை மாற்றினால் எந்த நாட்டிலும் ஓடும். பால்கே எந்த மொழிக்கும் படம் எடுக்கவில்லை. எல்லா மொழிக்கும் எடுத்தார். ஊமையாய் இருந்தவரை மொழிச் சண்டை எழவில்லை.

மும்பையின் பரபரப்பிலிருந்து விலகிக் கோலாப்பூரில் வேறொரு மரபு வளர்ந்தது. பாபுராவு பெயிண்டர் என்பவர் அரங்கத் திரைச்சீலை எழுதும் ஓவியர். வெளிநாட்டுப் பொறி வாங்கப் பணமில்லாமையால் தாமே ஒரு படப்பொறியைச் செய்துகொண்டார். அவர் 1920இல் எடுத்த 'சைரந்திரி'யில் கீசகன் கொல்லப்படும் காட்சி மிகவும் உண்மைபோல் இருந்ததால் வெள்ளையர் தணிக்கை அதை வெட்டியது. 1925இல் அவர் எடுத்த 'சாவ்காரி பாசு' கடவுளர் கதையை விட்டு மாந்தர் கதைக்கு இறங்கியது. கடன் கொடுத்தவன் உழவனின் நிலத்தைப் பறிக்கிறான். உழவன் நகருக்குப் போய் ஆலைத் தொழிலாளியாகிறான். இளம் உழவனாக நடித்தவர் சாந்தாராம் என்னும் இளைஞர்.

அச்சாந்தாராமும் தாம்லே, பத்தேலால், தைபர், குல்கர்ணி ஆகியோரும் பெயிண்டரை விட்டுப் பிரிந்து, 1929இல் கோலாப்பூரில் பிரபாத் நிறுவனத்தைத் தொடங்கினர். இரண்டே ஆண்டுகளில் படம் பேசத் தொடங்கிவிட்டது. 1931 மார்ச்சில் வந்த முதல் இந்தியப் பேசும்படம் 'ஆலம் ஆரா' பேசியது இந்துத்தானி. இனி, பேசும்படம் ஆக்கும் ஒவ்வொருவரும் எம்மொழியில் பேசுவது என்று முடிவு செய்தாக வேண்டும். பிரபாத் கண்ட விடை இரட்டை விடை. 1932 பிப்ரவரியில் வெளிவந்த 'அயோத்தியேச்சா இராசா' முதல் மராட்டிப் பேசும்படம். கதை மீண்டும் அரிச்சந்திரன் கதையே. அதே அரங்கில், அதே ஆடையில், ஒவ்வொரு காட்சியையும் ஒருமுறை மராட்டியிலும் மறுமுறை இந்தியிலும் பேச வைத்துப் பிடித்தனர். மராட்டி ஊருக்கு, இந்தி நாட்டுக்கு என்பது கணக்கு. வணிகர் கணக்கில் இது பிழையற்றது. ஆனால், மொழியின் கணக்கில் அன்றே ஒரு வரி பற்றெழுதப்பட்டது. ஒரு தாய்க்குச் சோறிடும்போதே பக்கத்தில் இன்னோர் இலை போடும் பழக்கம் தொடங்கியது. காலப்போக்கில் அவ்விலைக்கே முதற்பந்தி கிடைத்தது.

(பிரபாத்தின் அரங்கு தமிழுக்கும் பயன்பட்டது என்பதை இடையே சொல்லிவிடலாம். பாபுராவு பெண்டார்க்கர் இயக்கிய 'சீதா கல்யாணம்' என்னும் தமிழ்ப் பேசும்படம் அந்நிறுவனத்தில்தான் உருவாயிற்று. மராட்டிய நெறியாளர் கையில் தமிழ்ப்பாட்டும் தமிழ்ப்பேச்சும் பதிவான காலம் அது.)

1933இல் பிரபாத் புனேவுக்கு இடம்பெயர்ந்தது. அங்கே 1936இல் தாம்லேவும் பத்தேலாலும் இயக்கிய 'சந்து துக்காராம்' பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். துக்காராம் பதினேழாம் நூற்றாண்டினர். தேகு என்னும் சிற்றூர்க்காரர், உழுகுடியில் பிறந்தவர், ஊர்மக்கள் மொழியில் இறைவனைப் பாடியவர். வேதம் ஓதும் உரிமை இல்லாதவன் மறைப்பொருளைத் தாழ்ந்த மொழியில் பாடுவதா என்று மேற்குலத்தார் சினந்து, அவர் பாடல் ஏடுகளை இந்திராயணி ஆற்றில் எறியச் செய்தனர் என்பதும், ஏடுகள் நனையாமல் மீண்டன என்பதும் வரலாற்றோடு கலந்த வழக்கு. ஆற்றில் எறியப்பட்ட ஏடு எதுவென்று பாருங்கள்! குற்றம் பாட்டின் பொருளில் இல்லை. பாடியவன் பிறப்பிலும் பாடிய மொழியிலுமே இருந்தது. வையை ஆற்றில் ஏடு விட்ட கதையைக் கேட்டு வளர்ந்த தமிழருக்கு இக்காட்சியை விளக்க வேண்டுவதில்லை.

அப்படத்தில் பெருஞ்செலவுக் காட்சிகள் மிகுதியாக இல்லை. விட்டுணுபந்து பாக்னீசு என்னும் பாடகர் துக்காராமாக நடித்தார் என்பதை விட, பாடிக்கொண்டே வாழ்ந்தார் என்பது பொருந்தும். படத்தின் உயிர்நாடியோ அவர் மனைவியாக வரும் சீசாயி. பிள்ளைகள் பசியால் அழ, கணவர் கடவுளைப் பாடிக்கொண்டிருந்தால் எந்தத் தாய்க்குத்தான் சினம் வராது? அவள் கணவரையும் ஏசுகிறாள், பாண்டுரங்கனையும் ஏசுகிறாள். அந்த ஏச்சில் மராட்டிய உழவர் வீட்டுப் பேச்சு அப்படியே ஒலிக்கிறது. சாந்தாராம் ஆதவளே இப்படத்துக்கு எழுதிய பாட்டொன்று துக்காராம் பாடலைப் போலவே அமைந்து, அவருடைய பாடல் திரட்டில் அதைத் தேடினாரும் உண்டு என்பர். இறைத்தொண்டர் படத்தை இயக்கிய இருவருள் பத்தேலால் முசுலிம் என்பதும் குறிக்கத் தக்கது. மும்பையில் ஒரே கொட்டகையில் ஓராண்டுக்கு மேல் ஓடியது. 1937இல் வெனிசுத் திரைப்பட விழாவில் சிறப்புப் பாராட்டும் பெற்றது. வெளிநாட்டார் போற்றியது மராட்டி பேசிய படத்தை என்பதை மறவற்க! வேற்றார் மதிப்பைப் பெறுவதற்குப் பெருமொழி ஒன்றின் தோளில் ஏறியாக வேண்டும் என்போர்க்கு அதுவே விடை.

அடுத்த ஆண்டு 'குங்கு' வந்தது. கிழவருக்கு ஏமாற்றி மணம் செய்விக்கப்பட்ட பெண், அவரைக் கணவராக ஏற்க மறுத்து நிமிர்ந்து நிற்கும் கதை. சாந்தா ஆப்தே நடித்தார். 'மாணூசு' (1939), 'சேசாரி' (1941) ஆகியனவும் சாந்தாராம் ஆக்கங்களே. மூன்றும் இருமொழிப் படங்கள். மூன்றும் இன்று நாட்டில் பரவலாக அறியப்படுவது இந்திப் பெயர்களால்தான்.

சொல்லாக்கம் பற்றியும் ஒரு செய்தி உண்டு. இவ்வவைக்கு அது சுவைக்கும். திரைப்படத்துக்கு மராட்டியில் 'சித்ரபட்' என்றும், பேசும்படத்துக்குப் 'போல்பட்' என்றும், இயக்குநருக்குத் 'திக்தர்சக்' என்றும் பெயர் வழங்கச் செய்தவர் சாவர்க்கர் என்பர். மொழித்தூய்மை இயக்கம் நடத்தியவர் அவர். அதற்கும் முன்னே, பதினேழாம் நூற்றாண்டில், சிவாசி மன்னரே அரசு அலுவலில் வழங்கிய பாரசீகச் சொற்களுக்கு மாற்றுச் சொற்கள் தொகுக்கச் செய்தார். பிறமொழிச் சொல்லை விலக்கிப் புதுச்சொல் படைக்கலாம், படைத்தால் மக்கள் நாவில் நிற்கும் என்பதற்குச் 'சித்ரபட்' நல்ல சான்று. ஆனால், அவர்கள் பாரசீகத்தையும் ஆங்கிலத்தையும் விலக்கிவிட்டுக் கைநீட்டியது சமற்கிருதக் களஞ்சியத்துக்கு. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குவது தூய்மையாகுமா? தன் நிலத்திலேயே வேர்ச்சொல் தோண்டி எடுத்த மொழியினர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும்.

1942இல் சாந்தாராம் பிரபாத்தை விட்டு மும்பை சென்று, தமக்கென ஒரு நிறுவனம் கண்டார். அதன்பின் பிரபாத் நெடுநாள் நிலைக்கவில்லை. புனேயில் அது நின்ற இடத்தில் 1960இல் நடுவணரசு திரைப்படக் கல்லூரியை அமைத்தது. பாலு மகேந்திரா படித்தது அங்கேதான். மும்பை சென்ற சாந்தாராம் 'அமர் பூபாளி' (1951) போன்ற சில மராட்டிப் படங்கள் எடுத்தாரேனும், அவர் பேராற்றல் இந்திக்கே செலவாயிற்று. 1957இல் வந்த அவருடைய 'தோ ஆங்கேன் பாரா ஆத்து' என்ற படத்தைப் பாருங்கள். கொலைக் குற்றவாளிகள் அறுவரைத் திறந்த வெளியில் வேளாண்மை செய்வித்துத் திருத்தும் சிறை அலுவலர் கதை. ஔந்து என்னும் மராட்டியச் சிற்றரசில் உண்மையாகவே நடந்த முயற்சியே அதற்கு அடிப்படை. கதை எழுதியவர் மராட்டியப் பாவலர் மாட்கூள்கர். எடுத்தவர் மராட்டியர். எடுக்கப்பட்ட மொழி மட்டும் இந்தி! அதுவே 1975இல் தமிழில் ம.கோ.இரா. நடித்த 'பல்லாண்டு வாழ்க' ஆயிற்று. தமிழ்நாட்டில் அப்படத்தைப் பார்த்த எத்தனை பேர்க்கு அது மராட்டிய மண்ணின் கதை என்று தெரியும்? இந்திக் கதை என்றே எண்ணியிருப்பர். வேர் மறைந்து, கிளைக்குப் பெயர் வழங்கும் முறை இதுதான்.

அன்சா வாட்கர் என்னும் நடிகையின் கதையும் அத்தகையதே. 1959இல் வந்த 'சாங்கத்தே ஐக்கா'வில் நடித்தவர் அவர். கூத்துக்காரியின் வாழ்வைச் சொன்ன அப்படம் புனேயில் ஒரே கொட்டகையில் இரண்டாண்டுக்கு மேல் ஓடியது. தம் வாழ்க்கை வரலாற்றுக்கும் அவர் அப்பெயரையே இட்டார். அந்நூல் திரைப்படமானபோது (1977) அதன் மொழி இந்தி, பெயர் 'பூமிகா'.

இவற்றுக்கு நடுவே மொழியை விட்டுக் கொடாமல் நின்றவர்களும் இருந்தனர். அவர்களுள் முதல்வர் ஆத்ரே. ஆசிரியர், நாடக ஆசிரியர், இதழாளர், மேடைப் பேச்சாளர் என்று பல முகங்கள் அவருக்கு. சானே குருசி சிறையில் இருந்தபோது எழுதிய 'சியாம்சி ஆயி' என்னும் நூலை 1953இல் அவர் படமாக்கினார். வறுமையிலும் மகனுக்கு நேர்மையைச் சொல்லிக் கொடுத்த ஒரு சிற்றூர்த் தாயின் கதை. நடுவணரசு 1954இல் முதன்முதலாகத் திரைப்படப் பரிசுகள் வழங்கியபோது, குடியரசுத் தலைவரின் பொற்பதக்கம் இப்படத்துக்கே கிடைத்தது.

அதே ஆத்ரே மராட்டியத் தனிமாநிலப் போராட்டத்தின் முன்னணியிலும் நின்றார். மும்பையை மராட்டியரிடமிருந்து பிரித்து வைக்கும் சூழ்ச்சியை எதிர்த்து நூற்றுக்கு மேற்பட்டோர் உயிர் ஈந்தனர். 1960 மே முதல் நாள் மும்பையைத் தலைநகராகக் கொண்டு மராட்டிய மாநிலம் அமைந்தது. நகரைப் பெற்றனர், நகரின் திரையைப் பெறவில்லை.

பெறவில்லை என்பதற்கு 1971ஆம் ஆண்டு நிகழ்ச்சி சான்று. தாதா கோண்ட்கே என்னும் நகைச்சுவை நடிகர் 'சோங்காட்யா' என்ற படத்தை எடுத்தார். தாதரில் உள்ள கொட்டகையொன்று, இந்திப் படமொன்றைத் திரையிட வேண்டி, இதற்கு இடமில்லை என்றது. தாதர் மராட்டியர் செறிந்து வாழ்ந்த பகுதி! சிவசேனைக் கட்சியார் திரண்டு வந்த பின்னரே படம் திரை கண்டது. கண்ட பின் மாதக் கணக்கில் ஓடியது. கோண்ட்கேயின் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெள்ளிவிழாக் கண்டன. அவர் நாவில் ஆலைத் தொழிலாளியின் கொச்சை இயல்பாகப் புரண்டது. அதனால்தான் மக்கள் திரண்டனர். ஆனால், இரட்டைப் பொருள் பேச்சை அவர் அளவின்றிக் கையாண்டதைப் பாராட்டுவதற்கில்லை. தாய்மொழிப் படம் என்பதற்காகத் தாய் முன்னே பேசக் கூசும் பேச்சுக்கு விலக்களிக்க முடியுமா? எனினும், கொட்டகை மறுக்கப்பட்டது பேச்சின் தரத்துக்காக அன்று, மொழிக்காக.

கோண்ட்கேயின் கூட்டம் எங்கே போயிற்று என்பதையும் கேட்க வேண்டும். நடு மும்பையின் பஞ்சாலைப் பகுதிகளில் வாழ்ந்த மராட்டியத் தொழிலாளரே அக்கூட்டம். 1982 சனவரியில் தொடங்கிய ஆலை வேலைநிறுத்தத்தில் இரண்டரை நூறாயிரம் தொழிலாளர் ஈடுபட்டனர். அது தோற்றது, ஆலைகள் ஒன்றொன்றாக மூடின, தொழிலாளர் நகரின் ஓரங்களுக்கும் ஊர்களுக்கும் சிதறினர். படம் பார்ப்போன் பிழைப்பிழந்தால், படத்துக்கு மட்டும் பிழைப்பு ஏது? மாநில அரசு 1970களிலிருந்து கேளிக்கை வரியைத் திருப்பிக் கொடுத்து மராட்டிப் படங்களைத் தாங்கியது. கோரேகாவில் படநகர் ஒன்றும் அமைத்துப் பால்கே பெயரைச் சூட்டியது. அங்கும் மிகுதியாக எடுக்கப்பட்டவை இந்திப் படங்களே.

சப்பார் பட்டேல், விசய் தெண்டுல்கர் எழுத்தில் இயக்கிய 'சாம்னா' (1975), 'சிங்காசன்' (1979), 'உம்பர்ட்டா' (1982) ஆகியன அரசியலையும் பெண்ணின் நிலையையும் கூசாமல் பேசின. எண்பதுகளில் கோமாளிக் கூத்துப் படங்களும், 1991இல் 'மாகேர்ச்சி சாடி' என்னும் கண்ணீர்ப் படமும் பணம் ஈட்டின. அவற்றைப் பற்றி விரித்துரைக்க ஏதுமில்லை.

2004இல் 'சுவாசு' வந்தது. சந்தீப் சாவந்து இயக்கியது. கண்ணில் புற்றுநோய் வந்த சிறுவனுக்கு உயிர் தப்ப வேண்டுமானால் பார்வை போக வேண்டும். இருளுக்குமுன் அவனுக்கு உலகைக் காட்ட விழைகிறார் பாட்டனார். அவ்வளவே கதை. 'சியாம்சி ஆயி'க்குப் பின் ஐம்பதாண்டு கழித்து நாட்டின் சிறந்த படத்துக்கான பரிசை மராட்டிக்கு மீட்டுத் தந்தது. ஆசுக்கர் பரிசுக்கு அனுப்பப்பட்டபோது செலவுக்குப் பணமில்லை. பொதுமக்கள் காசு திரட்டிக் கொடுத்தனர். 2009இல் பரேசு மோகாசி பால்கேயின் கதையையே படமாக்கினார், மராட்டியில்தான் ஆக்கினார். 2014இல் வந்த 'கோர்ட்' நாட்டின் சிறந்த படமாயிற்று. பாட்டுப் பாடியதற்காக ஒடுக்கப்பட்ட குலத்து முதியவர் ஒருவரை முறைமன்றம் அலைக்கழிக்கும் கதை அது.

இத்தனை பரிசுக்குப் பின்னும், மும்பைப் பல்திரை அரங்குகளில் மாலைக் காட்சி கிடைப்பது அரிதாயிருந்தது. 2015 ஏப்பிரலில் மாநில அரசு, மாலை 6 முதல் 9 வரை மராட்டிப் படம் காட்டியாக வேண்டும் என்று அறிவித்தது. எதிர்ப்பு எழுந்தது, சில நாளில் பகல் 12 முதல் இரவு 9க்குள் எப்போதேனும் காட்டலாம் என்று அது தளர்ந்தது. சொந்தத் தலைநகரில் சொந்த மொழிக்கு மூன்று மணிநேரம் கேட்பது மிகை என்று பேசப்பட்டது!

மறு ஆண்டு நாகராசு மஞ்சுளேயின் 'சைராட்' வந்தது. சோலாப்பூர் மாவட்டத்துக் கருமாளைப் பக்கத்தின் பேச்சு. ஒடுக்கப்பட்ட குலத்துப் பையனும் ஊர்ப்பெரியவரின் மகளும் கொண்ட காதல். முடிவில் சாதிவெறி செய்யும் கொலை. நடித்தவர்கள் புதியவர்கள், பெண்ணாக நடித்த ரிங்கு இராசகுரு பள்ளி மாணவி. நூறு கோடி உருவாவுக்கு மேல் ஈட்டிய முதல் மராட்டிப் படம் இதுவே. சிற்றூர்க் கொட்டகையில் நள்ளிரவுக் காட்சியும் நடந்தது. அப்பெண் ஓரிடத்தில், மராட்டியில் சொன்னால் விளங்காதா, ஆங்கிலத்தில் சொல்லவா என்று ஒருவனைப் பார்த்துக் கேட்பாள். அக்கேள்வி மராட்டிய நாட்டுத் தெருவெல்லாம் பரவியது.

இம்முறை பிற மொழியாரே மராட்டியைத் தேடி வந்தனர். கன்னடத்திலும் பஞ்சாபியிலும் ஒடியாவிலும் அப்படம் மறுபடி எடுக்கப்பட்டது. கன்னடப் படத்தில் அதே ரிங்குவே நடித்தார். 2018இல் இந்தியிலும் வந்தது. இந்தியில் கதை சோலாப்பூரை விட்டு இராசத்தானத்து உதயப்பூருக்குப் போயிற்று. கரும்புக் காட்டுக்கு மாறாக ஏரியும் அரண்மனையும் வந்தன. மூலத்தில் வெட்ட வெளிச்சமாய் நின்ற சாதியின் பேச்சு அங்கே மங்கிப் போயிற்று.